மீன் டப்பாவுக்கு ஒரு சான்றிதழ்

1

இது என் சொந்தச் சரக்கு இல்லை; சால்மேயிடமிருந்து சுட்டது. நியூயார்க்கில் நான் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிய பயண முகவர் அலுவலகத்துக்கு எதிர் அறைதான் எஸ்டோனியத் துணைத் தூதரகம். சால்மே அங்கே காரியதரிசியாக இருந்த பெண்மணி.

முதல் தொடக்கம்: “நாடில்லாத துணைத் தூதர் எவால்ட் பார்ன் ஜன்னலருகே நின்று...”

(அடித்துவிட்டேன். ‘நாடில்லாத’ என்றால் அவருக்குப் பிடிக்காது. நாடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, மேலே வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் என்பார்.)

இரண்டாவது தேவலை. 1940இல் சோவியத் படை எஸ்டோனியாவை விழுங்கியது. அமெரிக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் பார்னின் கொடியும் முத்திரையும் இங்கே செல்லுபடியாயின. கடவுச்சீட்டுகளைப் புதுப்பித்தார், உயில்களுக்குச் சான்று கொடுத்தார். அலுவலகத்துக்கு ஒரே விதி: சோவியத் முத்திரை விழுந்த எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது.

எஸ்டோனியத் தலைநகர் தாலினில் இருந்த தங்கை ஹெல்மியை அவர் பார்க்கப் போகாததும் இதனால்தான். சொந்த ஊருக்குப் போக ஆக்கிரமித்தவனிடமா விசா கேட்பது? அவள் கடிதங்களைக் கீழே காபிக் கடையில் படித்து, அங்கேயே கொடுத்துவைத்துவிட்டு வெறுங்கையோடு மேலே வருவார். கடைசிக் கடிதம் வந்து ஆறு வருடம். மீன் டப்பா தொழிற்சாலையில் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாள். இருக்கிறாளா, இல்லையா, தெரியாது. அந்தக் கவலையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

2

1974, பிப்ரவரி 24. எஸ்டோனியச் சுதந்திர நாள் விருந்து. கறுப்பு ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, அதன்மேல் மசாலாவில் ஊறிய கிலு மீன். இது இல்லாமல் என்ன சுதந்திரம்? அதுவரை நார்வே மீனை வைத்து ஒப்பேற்றிவந்த சால்மே, அந்த வருடம் சோவியத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய பிரைட்டன் பீச்சில் ஒரு கடையில் அசல் தாலின் கிலுவைக் கண்டதும் மனம் அடங்காமல் பன்னிரண்டு டப்பா வாங்கிவிட்டார். மூடியில் தாலின் கோபுரங்கள். அடியில் சோவியத் முத்திரை.

அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி வர அரை மணி இருந்தது. தண்ணீர் குடிக்க வந்த பார்ன் பார்த்துவிட்டார்.

“இது எப்படி உள்ள வந்துச்சு?”

“என் கைப்பைலதான். நீங்க கடுதாசிய காபிக் கடையில படிச்சுக்கிறீங்க. இத அங்க வச்சுத் திங்க விடுவானா?”

(பார்னை இங்கே கத்தவிட்டிருந்தேன். படித்துப் பார்த்த சால்மே, அந்த மனிதர் ஒருநாளும் கத்தியதில்லை, மூக்கு மட்டும் சிவக்கும் என்றார். சரி. மூக்கு சிவந்தது.)

ஒரு டப்பாவுக்குள் துண்டுச்சீட்டு: ‘அடைத்தவர் எண் 17.’ ஹெல்மியின் எண்ணும் பதினே...

(இதையும் அடித்தேன். “அங்க நானூறு பொம்பளைங்க. உன் கதைக்காக அவளே வந்து அடைச்சாளாக்கும்?” என்று கேட்டார் சால்மே.)

3

முடிவு ஒன்று: டப்பாக்கள் குப்பைக்குப் போகின்றன. முடிவு இரண்டு: பார்ன் தின்றபடி அழுகிறார். இரண்டையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்தது இது. ஏற்றுமதிச் சரக்கு எந்த நாட்டது என்று சான்று கொடுப்பதும் துணைத் தூதரின் வேலைதான். 1940க்குப் பிறகு யாரும் தொடாத அந்தப் படிவத்தைப் பார்ன் தேடியெடுத்துத் தட்டச்சு செய்தார். பொருள்: கிலு, பன்னிரண்டு டப்பா. நாடு: எஸ்டோனியக் குடியரசு.

“கடல் நம்முது, மீன் நம்முது, அடைச்ச கையும் நம்முது. சீல் மட்டுந்தான் அவனுது. அதுமேல நம்ம சீலப் போடுங்க.”

சால்மே பன்னிரண்டு டப்பாவிலும் ஓங்கிக் குத்தினார். அதிகாரி நான்கு துண்டு தின்றுவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்டபோது, பார்ன் சான்றிதழை நீட்டினார்.

பார்ன் தன் துண்டைத் தின்றாரா? காபி ஊற்றிக்கொண்டிருந்த சால்மே கவனிக்கவில்லையாம். சான்றிதழ் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு கட்டம் மட்டும் பாதியில் நிற்கிறது. தெரியாததற்குச் சான்று கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அதை முடித்தெழுத என்னை சால்மே விடமாட்டார். உங்களுக்கு அப்படி ஒரு தடையும் கிடையாது.

அடைத்தவர் பெயர்: ஹெ