கேட்டு வாங்கிய தோல்வி

ரெனிஸ் ஆட்டத்தின் முதல் செற்றை நிலுஷா வென்றுவிட்டாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

வெல்லாமல் என்ன செய்வாள்? தொடங்கமுதலே ஏற்பாட்டாளர் றொமேஷ் சொல்லிவிட்டார்: "முதல் செற் உமக்கு, ரெண்டாவது அவவுக்கு. கடைசிப் பத்துப் புள்ளிய ரெண்டுபேரும் சிரிச்சுச் சிரிச்சு விளையாடுங்கோ. சனம் சந்தோஷமாப் போகவேணும்." காட்சி ஆட்டம் என்றால் உலகம் முழுக்க இப்படித்தானாம்.

எதிரே நின்ற வேரா ஒருகாலத்தில் உலகின் முதல் ஐம்பதுக்குள் இருந்தவள். போட்டிகள் கூடிவிட்டன, உடம்பு தாங்காது என்று போன மாதம் ஒரு பெரிய போட்டியிலிருந்து விலகியவள், இப்போது காசுக்காகத் திருகோணமலை வெயிலில் பல்லைக் காட்டியபடி பந்தைத் தூக்கித் தூக்கிக் கொடுக்கிறாள். இணையத்தில் அவளைக் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள். நிலுஷாவுக்கு அந்தக் கதை வேண்டாம். வங்கி வேலையா, கொழும்பில் முழுநேர ரெனிஸ் பயிற்சியா என்று திங்கட்கிழமை அவள் பதில் சொல்லவேண்டும். தன் ஆட்டம் எவ்வளவு பெறும் என்று தெரியாமல் எதைச் சொல்வது? இந்த இரவல் வெற்றியை வைத்து நாக்கு வழிக்கவா?

வேலிக்கு அந்தப்பக்கம் அம்மா இன்பமலர் கைபேசியில் தங்கள் ஊர் அன்புவழிபுரம் முழுக்க அறிவித்துக்கொண்டிருந்தாள். "ஓம், வெள்ளைக்காரிச்சியை வெண்டுட்டாள்!"

இடைவேளையில் நிலுஷா வேராவின் கதிரையடிக்குப் போனாள். அடுத்த செற்றை உண்மையாக விளையாடுவீர்களா என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். வேரா ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அழமாட்டாயே என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது விளையாட்டில்லை, அடி. மட்டையைத் தூக்குமுன்னே பந்து பின்வேலியில் கிடந்தது. ஐந்து கேம் போயிற்று. நிலுஷாவுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. பிள்ளைக்கு வெயில் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். றொமேஷ் தலையில் கைவைத்தார். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. தானே கேட்டு வாங்கிய உதை, யாரை நோவது?

ஆறாவது கேமில் வேராவின் சேர்வ் பந்து நேரே நெஞ்சுக்கு வந்தது. நிலுஷா யோசிக்கவில்லை, ஒதுங்கி அடித்தாள். பந்து கோட்டோரம் விழுந்து பறந்தது. வேரா ஓடினாள், உயிரைக் கொடுத்து ஓடினாள், எட்டவில்லை. தன் தொடையில் மட்டையால் ஓங்கி அறைந்து, தன் பாஷையில் ஏதோ திட்டினாள். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

அந்த ஒரு புள்ளிதான். செற் ஆறுக்குப் பூச்சியம் என்று முடிந்தது.

கடைசிப் பத்துப் புள்ளிக்கு முன் நிலுஷா வேலியடிக்கு ஓடினாள். "அம்மா, வங்கிக்கு ஏலாதெண்டு சொல்லப்போறன்."

"இப்பிடித் தோத்துப்போட்டோ சொல்லுறாய்?"

"ஓம் அம்மா. அவவுக்குக் கோபம் வந்தது, பாத்தனீங்களே?"