தோல் வாஷர்

உலகத்தில் எந்த ஓட்டையையும் தோலை வைத்து அடைத்துவிடலாம் என்று வாணியம்பாடி பாஷாவுக்கு ஒரு நினைப்பு. பரம்பரையாகத் தோல் வியாபாரம். அந்தத் திமிர் இருக்கத்தானே செய்யும்!

தம்பி தானிஷ் மீன் பிடிக்கவென்று பிளாஸ்டிக் கயாக் ஒன்று வாங்கியிருந்தான். ஒரே ஆள் குந்துகிற ஒல்லிப் படகு. மேலே சீட்டு, உள்ளே வெறும் கூடு. துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள்பட்டை கழன்றுபோகிறதென்று அதற்குச் சின்னதாக எலக்ட்ரிக் மோட்டார் ஒன்றையும் வரவழைத்தான். வால்பக்கம் நாலு ஓட்டை போட்டு, சட்டத்தை போல்ட்டால் முடுக்கி, அதில் மோட்டாரை மாட்ட வேண்டும். கூடவே வந்த ரப்பர் வாஷரைப் பாஷா விரலால் நசுக்கிப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தார்.

"இதெல்லாம் ஒரு வாஷராடா? கைப்பம்புல இன்னா போட்றான்? தோலு! தண்ணி பட்டா ஊறி இன்னும் இறுக்கிப் புடிக்கும். குடு கத்திரிய."

ஷெட்டில் கைக்கு அகப்பட்ட துண்டுத்தோலில் வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டார். தானிஷ் அதையே போட்டு போல்ட்டை முடுக்கினான். அப்பா மவுத்தானதிலிருந்து அவனுக்கு எல்லாம் அண்ணன்தான். கல்யாணமாகியும் அவன் வாயில் "சரி பாய்ஜான்" தவிர வேறு பதில் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப் மேல் கயாக்கைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே ஓர் ஏரி. அங்கே பரிசலில் வலை போடுகிற தீர்த்தகிரி, மோட்டார் சத்தமில்லாமல் சுற்றுவதைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"இன்னா பாய் இது, பூனையாட்டம் போவுது! என் பரிசலுக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்களேன்."

பாஷாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மோட்டார் இருக்கத் துடுப்பு எதற்கென்று தானிஷ் அதைக் கரையிலேயே போட்டான். சீட்டு தாழ்வாக இருக்கிறதென்று லைஃப் ஜாக்கெட்டை மடித்து அதன்மேல் குந்தினான். பாஷா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அண்ணனுக்கும் நீச்சல் வராது, தம்பிக்கும் வராது. தண்ணீருக்குப் பயப்படக்கூட ஒரு பழக்கம் வேண்டுமே!

தானிஷ் எதிர்க்கரையோரம் போய்த் தூண்டில் வீசிக்கொண்டிருந்தான். தீர்த்தகிரியும் தன் வலையைப் பார்க்க ஏரியின் வேறொரு மூலைக்குப் போய்விட்டார். மூங்கில் புதர்ப் பக்கமிருந்து ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. பாஷா கரையோரம் குந்தினார். ஜிப்பா பையில் கையை விட்டபோது மீந்துபோன வாஷர் ஒன்று அகப்பட்டது. சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? தண்ணீரில் அதை முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எடுத்துப் பார்த்தால், நனைந்த அப்பளம்போலத் தொங்கியது. இழுத்தார். இழுத்த இழுப்புக்கு வந்தது.

பம்பில் போடுவது மரப்பட்டைச் சாற்றில் பதம் செய்த கெட்டித்தோல். இது செருப்புக்கு மேல்பக்கம் தைக்கிற மெல்லிசுத் தோல். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இந்த வித்தியாசம், தோலிலேயே பிறந்து வளர்ந்த மனுஷனுக்குத் தெரியாதா? தெரியும். கையில் கிடைத்ததை வெட்டும்போது யோசிக்கவில்லை, அவ்வளவுதான். போல்ட்டெல்லாம் இந்நேரம் தளர்ந்திருக்கும். தண்ணீர் கூட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். மேலே குந்தியிருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

யா அல்லாஹ்!

நிமிர்ந்து பார்த்தார். கயாக்கின் வால் தண்ணீரோடு தண்ணீராக இருந்தது. பேட்டரியும் அந்தப் பக்கம்தான். போனை எடுத்தார், டவர் இல்லை. முழங்கால் ஆழம் இறங்கி, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

"தானிஷ்! வந்துட்றா! சீக்கிரம் வா! சீக்கிரம்!"

அவன் தூண்டிலைச் சுருட்டினான். கையைத் தூக்கி "வர்றேன் பாய்ஜான்!" என்றான். குரல் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. அவனுக்குப் பக்கத்திலேயே எதிர்க்கரை இருந்தது, நாலு முழம்கூட இருக்காது. அங்கே ஒதுங்கச் சொல்லியிருக்கலாம். பாவி மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை. தம்பி தன்னிடம் வந்தால் போதும் என்றுதான் இருந்தது.

சீக்கிரம் வா என்றாரே அண்ணன்! தானிஷ் மோட்டாரை முழு வேகத்துக்குத் திருகினான். வேகம் பிடித்ததும் கயாக்கின் மூக்கு மேலே தூக்கியது. கூட்டுக்குள் கிடந்த தண்ணீரெல்லாம் ஒரே ஓட்டமாக வாலுக்கு ஓடியது. மூக்கு தூக்கியதைப் பார்த்ததும் பாஷாவுக்குப் புரிந்துவிட்டது.

"வாணாம்! நிறுத்து! மெதுவா!"

ஏரி நடுவில் கயாக் செங்குத்தாக எழுந்தது. தானிஷ் பின்பக்கமாகச் சரிந்தான். ஒருமுறை கை தெரிந்தது. மடித்த லைஃப் ஜாக்கெட் தனியாக மிதந்தது.

சத்தம் கேட்டுத் தீர்த்தகிரி பரிசலை வலித்துக்கொண்டு வந்தார். குதித்தார், முங்கினார், எழுந்தார், மறுபடி முங்கினார். கயாக்கும் முழுகிக் கண்ணுக்குத் தெரியவில்லை, லைஃப் ஜாக்கெட்டும் காற்றில் எங்கோ தள்ளிப் போயிருந்தது. பரிசலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கக் கத்தினார்.

"பாய்! எந்த இடம்? எந்தப் பக்கமா போய்ட்டு இருந்தாரு? கைய காட்டுங்க!"

பாஷாவின் கை எழுந்தது. எங்கே நீட்டுவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல மடங்கித் தன் நெஞ்சையே தொட்டது.

"என்னாண்டதான் வந்துட்டு இருந்தான்" என்றார். "நான்தான் கூப்ட்டேன்."