நீலத்துக்கு அடியில் அலைகள்

நீலத்துக்கு அடியில் அலைகள் ஓடுகின்றன, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஒரு புள்ளிக்குள் போய் அடங்குகின்றன, லேசாகச் சாய்த்தால் எல்லாம் திரும்பி இந்தப் பக்கம் ஓடி வருகின்றன, தண்ணீர் கிடையாது, பொன்தகட்டில் எவனோ ஒருவன் கோடு கோடாகக் கீறி, அதன்மேல் கண்ணாடித்தூளைப் பரப்பி, உலையில் வைத்து உருக்கி எடுத்த நீலம் அது, எனாமல், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பெண்கள் கடிகாரத்தின் முதுகு, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது, கண்ணை மூடு என்று சொல்லித்தான் என் கணவர் அதை என் கையில் வைத்தார், மூடினேன், சில்லென்று ஏதோ வந்து உட்கார்ந்தது, இப்பத் திற என்றார், திறந்தேன், இன்னும் அந்தத் திறப்பிலேயே நின்றுகொண்டிருக்கிறேனோ என்னவோ, கண்ணை அசைக்காதீங்கம்மா, மேலே வெளிச்சத்தையே பாருங்க என்கிறார் ஆபரேஷன் மேசையருகே டாக்டர், பார்க்கிறேன், வெளிச்சம் உருகுகிறது, வலி இல்லை, யாரோ என் வலது கண்ணுக்குள் ஒரு ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே எழும்பூரில் அவர் அதை வாங்கிய ஏலக்கூடம் திறக்கிறது, மின்விசிறிகள் கீச்சிடுகின்றன, ஞாயிற்றுக்கிழமை.

என் கணவர் குணசீலன் அன்று அங்கே போனது ஓர் இரும்பு அலமாரி வாங்க. திருவல்லிக்கேணியில் எங்கள் அச்சகத்தில் காகிதம் அடுக்க இடம் போதவில்லை, அலமாரியோடு வருவார் என்று நான் கூடத்தைப் பெருக்கி வைத்திருக்கிறேன், வெறுங்கையோடு உள்ளே வருகிறார், திருட்டு முழி, கண்ணை மூடு என்கிறார். அலமாரி எங்கேங்க என்று கேட்டபோது, இதுக்குள்ள எவ்ளோ இடம் இருக்கு பாரு என்று சிரித்தார். நாலு கலரையும் கலந்து பிழிஞ்சாலும் என் மெஷின்ல இந்த நீலம் வராது, மைக்காரன் நான் சொல்றேன் என்றார். ஏலத்தில் அவருக்கு எதிராகக் கடைசிவரை கேட்டது உமையாள் ஆச்சி என்று அடுத்த ஞாயிறுதான் எனக்குத் தெரிந்தது, காரைக்குடிப் பக்கத்து அம்மா, கீழ்ப்பாக்கத்தில் தனியாகப் பெரிய வீடு, அறைக்கு அறை கடிகாரம், முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு கையைத் தூக்காமல் குடையைத் தூக்கி விலை கேட்பவர், நீதானா அது என்று என் கழுத்தைப் பார்த்துவிட்டு, உனக்குன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு தடவை குடையத் தூக்கியிருப்பேன் என்றார். அப்படித்தான் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியானேன், எனக்கும் ஒரு சைகை அமைந்தது, மூக்குக்கண்ணாடியைத் தொட்டால் நான் கேட்கிறேன் என்று அர்த்தம், ஏலம் விடும் தைரியநாதன் அதை நன்றாக அறிவார். கிளியும் மாதுளையும் மீனா எனாமல் வேலையில் சிவக்கிற ஜெய்ப்பூர் ஜிமிக்கி, நேரம் காட்டுவதை மறந்துவிட்டு மணியடிக்க மட்டும் மறக்காத மேசைக்கடிகாரம், பச்சை இலைமேல் வெள்ளைப்பூ பதித்த ஊக்கு, எல்லாம் வந்தன, நீலம் மட்டும் நான் அப்புறம் வாங்கவே இல்லை, ஒரு நீலம் போதும் என்றிருந்தது.

எனாமல் மங்காது. அது கண்ணாடி, பட்டுப்புடவை வெளுக்கும், புகைப்படம் வெளுக்கும், தந்தம் மஞ்சளாகும், எனாமலை உடைக்கலாமே தவிர வெளுக்க வைக்க முடியாது, சேகரிக்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதுதான், பிறருக்கு இதைச் சொல்லிக்காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் காலமாகி நாலைந்து வருஷம் கழித்து ஒரு மாலை கடிகாரத்தைத் திருப்பியபோது முதுகு அழுக்காக இருந்தது, துடைத்தேன், போகவில்லை, ஆறிப்போன டீயில் சாம்பலைக் கரைத்தது போல ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தேன், அலைகள் இல்லை. கிளியை எடுத்துப் பார்க்கிறேன், சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது, மாதுளை மாதுளையாகவே இருக்கிறது, இது மட்டும் மங்கிவிட்டது, எனாமல் மங்காது, அப்படியானால் இது எனாமல் இல்லை, பெயிண்ட், யாரோ பூசிய பூச்சு. அந்தக் கணத்தில் என் மனசு நேராகப் போய் நின்ற இடம் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது, அச்சகம் மூடிக்கிடந்த வருஷம், சர்வீஸுக்குக் குடுக்கணும், ஓட்டம் சரியில்ல என்று அவர் கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார், பல வாரங்கள் கழித்துத்தான் திரும்பி வந்தது, அதற்குள் அச்சகத்தின் கதவு மறுபடி திறந்துவிட்டது, எப்படித் திறந்தது என்று நான் அப்போது கேட்டுக்கொள்ளவே இல்லை, சந்தோஷத்தில் யார் கேட்பார்கள். அசலை விற்றுவிட்டுப் போலியைக் கொண்டுவந்து என் கழுத்தில் மாட்டியிருக்கிறார், அப்போதும் கண்ணை மூடு என்றாரா, என்றிருப்பார், நானும் மூடியிருப்பேன்.

ஊசியைச் சுட வைத்து ஓரத்தில் தொட்டால் தெரிந்துவிடும், பெயிண்ட் என்றால் ஊசி இறங்கும், எனாமல் என்றால் வழுக்கும், சேகரிக்கிற எவளுக்கும் தெரிந்த சோதனை. அடுப்பைப் பற்ற வைத்து, இடுக்கியில் ஊசியைப் பிடித்து, சிவக்கும்வரை காத்திருந்து, அடுப்பை அணைத்துவிட்டேன், இன்னொரு நாளும் அப்படித்தான், ஊசி இறங்கினால் அது கடிகாரத்தில் மட்டும் இறங்காது. ஆச்சியிடம் காட்டிக் கேட்கலாம், ஆனால் என் கணவரையே ஆச்சி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதாக ஆகிவிடும், வேறு யாரிடமும் வாய் வரவில்லை, கனவில் மட்டும் அவர் முழங்கால் தண்ணீரில் நின்று எதையோ துழாவிக்கொண்டிருப்பார், என்ன தேடறீங்க என்பேன், அலை, இங்கதான் போட்டேன் என்பார், நல்ல கனவுதான். வீட்டில் அது இருக்கும்வரை நான் அவரை விசாரித்துக்கொண்டேதான் இருப்பேன், பதில் சொல்ல முடியாத ஒரு மனிதரைத் தினமும் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம், அதனால் கடிகாரத்தைத் தைரியநாதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், போலி என்று சொல்ல மனம் வராமல், மறுபூச்சு என்று சொல்லி வித்துடுங்க என்றேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார், மேடம், நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மறுபூச்சுங்கறீங்க என்றார். எனக்குத் தெரியாதா தைரியநாதன் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன், அவர் அட்டையில் எழுதிக் கட்டினார். அந்த வாரம்தான் மகள் தேன்மொழி பெங்களூரிலிருந்து வந்து, பீரோவைத் திறந்து, உங்களுக்கு எதுக்கும்மா இவ்ளோ கறுப்புப் புடவை என்று கேட்பாள் என்று நான் எதிர்பார்த்திருக்க, கருநீலத்துக்குப் பச்சை ரவிக்கையா போடுவாங்க என்று கேட்டாள், இது கறுப்புடி என்றேன், அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், மறுநாள் கண் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தோம், புரை முற்றிவிட்டது, முதலில் வலது கண் என்றார்கள், அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை, கண்ணாடியைப் பற்றி அத்தனை தெரிந்த எனக்கு என் கண்ணுக்குள்ளேயும் ஒரு கண்ணாடி இருக்கிறது என்பது தெரியவில்லை.

ஞாயிறு காலை கட்டைப் பிரித்தார்கள். பஞ்சால் ஒற்றி எடுத்து, மெதுவாத் திறங்க என்றாள் நர்ஸ், திறந்தேன், எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எந்த ஆஸ்பத்திரியிலும் கிடக்கிற சாதாரண நாற்காலி, அது அப்படி ஒரு நீலமாக இருந்தது, நீலம் என்பதையே மறந்துபோயிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிகிறது, என்னம்மா, வலிக்குதா என்கிறாள் தேன்மொழி, இல்லை என்று தலையசைத்துக்கொண்டே வலது கண்ணைக் கையால் மறைக்கிறேன், நாற்காலி அழுக்காகிறது, ஆறிப்போன டீ, சாம்பல், கையை எடுக்கிறேன், நீலம், மறைக்கிறேன், டீ, எடுக்கிறேன், அம்மா என்ன விளையாடறீங்க என்கிறாள், இன்னிக்கு என்ன கிழமைடி என்று கேட்டேன், ஞாயிறும்மா என்றாள், கடிகாரம் ஏலத்துக்கு வரும் நாள். கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் எழும்பூர் வந்து சேரும் வரை மனசு ஒன்றையே கேட்கிறது, நாற்காலி நீலமானதால் கடிகாரமும் நீலமாகிவிடுமா, கண்ணிலும் புரை இருந்து கடிகாரத்திலும் பூச்சு இருந்துவிட்டால் என்று, குனியக்கூடாது, அதிரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க, நீங்க ஏலத்துக்குப் போறேன்னு சொன்னா சிரிப்பாங்க என்று தேன்மொழி என் தோளைப் பிடித்துக்கொண்டே வருகிறாள்.

கூடத்துக்குள் நுழையும்போது தைரியநாதன் அட்டையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கிறார், பெண்கள் கடிகாரம், பொன் உறை, முதுகில் நீலம், மறுபூச்சு என உடைமையாளர் கூற்று, பையன் ஒருவன் அதைத் தாம்பாளத்தில் வைத்து உயர்த்திக் காட்டுகிறான், தூரத்தில் ஒரு பொட்டு, கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாமே கறுப்பு, சரியாகப் பார்க்கலாம் என்று கண்ணாடியைத் தொட்டு நகர்த்துகிறேன், மேடம் என்று தைரியநாதன் பதறுகிறார், உங்க பொருளுக்கு நீங்களே விலை கேக்கக் கூடாது மேடம், கூடமே சிரிக்கிறது, கேக்கல தைரியநாதன், திருப்பி எடுத்துக்கறேன், அது மறுபூச்சு இல்ல என்கிறேன், அதற்குள் முன்வரிசையில் குடை ஒன்று உயர்ந்திருக்கிறது. முதல் விலை விழுந்தபிறகு சொந்தக்காரரே நினைத்தாலும் பொருளைத் திரும்ப எடுக்க முடியாது, அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், நானே பலமுறை அதைச் சொல்லிப் பிறர் வாயை அடைத்திருக்கிறேன், ஸாரி மேடம், ஆச்சி கேட்டுட்டாங்க என்றார் தைரியநாதன். மறுபூச்சு என்று அட்டையில் எழுதிய பொருளுக்கு வியாபாரிகள் யாரும் வாய் திறக்கவில்லை, ஒரு தரம், இரண்டு தரம், சுத்தியல் விழுந்தது.

தாம்பாளத்தைக் கடந்து நடந்து போனேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஆச்சியின் உள்ளங்கைக்குப் போய்விட்ட கடிகாரத்தைக் குனியாமல் பார்த்தேன், அவர்தான் கையை உயர்த்திக் காட்டினார், லேசாகச் சாய்த்தார், அடியில், ஆழத்தில், அலைகள் ஓடின, எல்லாம், விளிம்பிலிருந்து நடுவுக்கு, ஒன்றுகூடக் குறையவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அழக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க என்று தேன்மொழி கைக்குட்டையை நீட்டுகிறாள், நான் அழவில்லை, பல வருஷமாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டேன், அவ்வளவுதான். என்ன ஆத்தா, ஒத்தைக் கண்ணோட வந்து நிக்கிறே என்றார் ஆச்சி. இது மறுபூச்சுன்னு எழுதுனது யாரு, நீயான்னு தைரியநாதனக் கேட்டேன், மேடம்தான்னாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு, போன வருஷம் எனக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணாகள்ல, அதுக்கு முன்னாடி என் வைரத்தோட்டப் பாத்துட்டு, மஞ்சக் கல்ல மாத்தி வச்சுட்டான்னு ஆசாரியோட என்னமா மல்லுக்கட்டுனேன், அந்த மனுசன் இன்னமும் என்னையப் பாத்தா எதிர்ப்பக்கம் போயிர்றாரு. ஆச்சி, நான் யாரைச் சந்தேகப்பட்டேன்னு தெரியுமா என்று ஆரம்பித்தேன், தெரியும் என்றார், சொல்லவிடவில்லை, குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, மொத்தமா உன் தப்புன்னும் சொல்ல மாட்டேன், பிரஸ்ஸு மூடிக்கெடந்த சமயம் உன் வீட்டுக்காரக இதக் கொண்டாந்து என் மேசையில வச்சாக, எடுத்துக்கங்க ஆச்சின்னாக, நான் கைய நீட்டிட்டேன், பொய் சொல்லக் கூடாது, எத்தன வருசத்து ஆசை எனக்கு, காப்பியக் குடிச்சு முடிச்சாக, அப்பறம் அவுகளே எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, இல்ல ஆச்சி, இதத் தொறந்து பாத்தப்ப அவ மொகம் எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாக்கலன்னு சொல்லிட்டுப் போயிட்டாக.

வெயிலில் மூவருமாக ஆட்டோ ஏறினோம், ஆச்சி நடுவில், வழியில் இறங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆச்சி, அதை எனக்குத் திருப்பிக் கொடுங்க என்றேன். குடுப்பேன்னு நெனச்சியாக்கும், அந்தக் கண்ணும் பண்ணிட்டு வா, ஒத்தைக் கண்ணுக்காரிக்கு நான் எதையும் விக்கிறதில்ல, அப்பறம் பேரு கெட்டுப்போகும் என்றார், தேன்மொழி சிரித்துவிட்டாள், நானும், ஆச்சி மட்டும் சிரிக்காமல், என் வீடு வர்ற வரைக்கும் வேணா வச்சுக்க என்று என் கையில் வைத்தார், சில்லென்று வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடு என்றது யார் குரல், இடது கண்ணை மூடினேன், நீலம், அடியில் அலைகள், கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆச்சி வீட்டுப் படியிறங்கி வருகிறார் அவர், வெயிலில், அவசரமாக, பணத்துக்கு வேறு வாசலைத் தேடி, வலது கண்ணை மூடினேன், ஆறிப்போன டீ, அதே மனிதர் மேசைமேல் அதை வைக்கிறார், எடுத்துக்கங்க ஆச்சி என்கிறார், பாவம், எப்படி இருந்திருக்கும் அவருக்கு அந்தக் காப்பி, ஆட்டோ பாலத்தில் ஏறியது, காற்று வந்தது, இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டேன், இரண்டு நிறமும் ஒன்றாகக் கலந்து, மழைக்கு மறுநாள் கடல்போலக் கொஞ்சம் மண் கலந்த ஒரு நீலம், அதன் அடியில் அலைகள் ஓடிக்கொண்டிருந்தன, நான் சாய்க்காமலே.