காலடியில் ஒரு டிரம்

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஞாயிறு மதிய நடனம்; வாசிப்பது எங்கள் ஜாஸ் குழு. இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்தே வந்ததில் டிரம்ஸ் வாசிக்கும் லூஷியஸுக்கு வலது கால் வீங்கிவிட்டது.

"காலால அடிக்கிற பெரிய டிரம்மை இன்னைக்கு விட்டுடறேன்டா. அது யாருக்குக் கேக்குது?" என்றான் என்னிடம்.

கேட்காதுதான். ஜாஸில் அதைக் காலால் இறகு தொடுவதுபோல் தொட வேண்டும். அது தனியாகக் காதில் விழுந்தால் தப்பு. ஆனால் நான் வாசிக்கும் டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தின் ஒவ்வொரு ஒலிக்கும் அடியில் அந்த அதிர்வுதான் தரை. ஆடுகிறவர்களின் கால்களுக்கும் அதுதான்.

பெரிய டிரம் இல்லாத முதல் பாட்டிலேயே என் விரல்கள் எரிந்தன. எவ்வளவு இழுத்தாலும் தந்தி மெலிந்தே ஒலித்தது. ஜோடிகள் ஒவ்வொன்றாக நாற்காலிக்குத் திரும்பின.

குழுத் தலைவர் அலோன்சோ என்னிடம் வந்தார். "என்னய்யா, தந்தியத் தடவிக் குடுக்கிறியா? இப்படியே வாசிச்சா நாளையிலேருந்து வேற ஆளு."

நான் லூஷியஸ் பக்கம் பார்க்காமல் தந்தியை முறுக்கினேன்.

"அவனை விடுங்கண்ணே, தப்பு என்னோடது" என்றான் லூஷியஸ். குனிந்து ஷூவைக் கழற்றி, வீங்கிய காலைப் பெரிய டிரம்மின் மிதிகட்டையில் வைத்தான்.

அடுத்த பாட்டில் தந்தியை லேசாகத்தான் இழுத்தேன். ஒலி முழுதாக எழுந்தது. ஜோடிகள் எழுந்து வந்தன. லூஷியஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நடனம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.