பதினோரு வாரக் கும்பிடு

ஸ்வேதா கும்பிடத் தொடங்கியது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போது அவளுக்கு ஆறரை மாதம். தூங்கி எழுந்ததும் தாய் கல்பனாவின் மடியிலேயே தலை சட்டென்று முன்னே கவிழும், இரு கைகளும் விரிந்தெழுந்து நெஞ்சருகே கூடும், மறுநொடி தளரும். சற்றுப் பொறுத்து மீண்டும் அதே வணக்கம். இப்படிப் பத்து, பன்னிரண்டு முறை.

முதலில் கண்டவள் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள்தான்.

"அடியே கல்பனா, உம் பொண்ணு சாமி கும்புடுதுடீ! உன் வூட்டுக்காரனுக்கும் சேத்து இதுவே கும்புட்டுக்கினு கீது பாரு!"

செய்தி வாய்க்கு வாய் பரவிற்று. பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் பெண்கள் தூக்கை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கும்பிடுக்குக் காத்திருந்தார்கள். தந்தை புருஷோத்தமன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, உத்திரமேரூரைச் சுற்றியிருந்த உறவினர் அனைவருக்கும் அனுப்பினான். குழந்தையின் சிரிப்பு நாளுக்கு நாள் குறைந்ததை அவனும் கண்டான். "பக்தி முத்திப் பூட்ச்சு" என்று கேலியும் பேசினான்.

அவனுக்கு மட்டும் அந்தக் கேலி தகாது. பிறந்தவுடன் அழாத குழந்தை அவள். முதல் இரண்டு நாளில் மூன்று முறை வலிப்புக் கண்டவள். ஸ்கேனில் மூளைக்காயம் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் அவனைத் தனியே அழைத்து, "இந்த வலிப்பு எல்லாக் குழந்தைக்கும் திரும்ப வராது, சிலருக்குச் சில மாதம் கழித்து வேறு உருவத்தில் வரலாம். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வந்தால் உடனே வாருங்கள்" என்று பொறுமையாகச் சொன்னார். வெளியே தையல் வலியோடு உட்கார்ந்திருந்த கல்பனா, "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். "நல்லா கீதாம், வா" என்றான். பச்சை உடம்புக்காரியை ஏன் கலக்க வேண்டும் என்று எண்ணினான். வலிப்பு என்றால் வாயில் நுரை தள்ளும் என்பதற்கு மேல் அவனும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட வந்த செவிலி வளர்மதியின் முன்னும் ஸ்வேதா கும்பிட்டாள். வளர்மதி சிரிக்கவில்லை.

"எத்தினி நாளா இப்படிப் பண்ணுது? இது கும்பிடு இல்லம்மா, வலிப்பு. ஊசி அப்புறம் போட்டுக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கெளம்புங்க."

அங்கே மூளை நரம்பு மருத்துவர் கைப்பேசிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் படத்தின் தேதியில் அவர் விரல் நின்றது.

"பதினோரு வாரம். முதல் வாரமே வந்திருந்தா குழந்தைக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். பிறந்த இடத்துல உங்களுக்கு ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒருத்தரும் சொல்லலீங்க மேடம்," என்றாள் கல்பனா. "சொல்லியிருந்தா ஊரையே கூட்டி வேடிக்க காட்டியிருப்பனா?"

மருத்துவர் அதை எழுதப் பேனாவைத் திறந்தார்.

"சொன்னாங்க," என்றான் புருஷோத்தமன். "எங்கிட்ட சொன்னாங்க."

கல்பனா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

மருந்து தொடங்கிய ஒன்பதாம் நாள் கும்பிடு நின்றது. நின்றது நல்லது, ஆனால் போன சிரிப்பு எப்போது திரும்பும், எவ்வளவு திரும்பும் என்பதை மருத்துவரால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அன்று காலை கல்பனா குழந்தையைக் கொண்டுவந்து அவன் கைகளில் வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ராப்பகலா கண்ணு கொட்டாம பாத்துக்கினு இருந்திருப்பேன்யா. உனுக்கு இன்னா தெரியும்னு நீயே வச்சிக்கின?"

அவன் குழந்தையின் முகத்தருகே குனிந்து, "ஸ்வேதா" என்றான், நாக்கைச் சொடுக்கினான், மறுபடியும் அழைத்தான். அவள் கண்கள் அவன் முகத்தைத் தொட்டும் நில்லாமல், சன்னல் வெளிச்சத்தின் பக்கம் நகர்ந்தன. முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய், அவன் மீண்டும் அழைத்தான்.