தரகர் சொன்ன 'முடிஞ்சிருச்சு'

வீடு வாங்குவதில் ஒரு கட்டம் இருக்கிறது. விலை பேசியாகிவிட்டது, கைகுலுக்கியாகிவிட்டது, டீயும் குடித்தாகிவிட்டது. கையெழுத்து மட்டும் இன்னும் விழவில்லை. அந்தக் கட்டத்தில்தான் விற்கிறவருக்கு வீட்டின் மேல் திடீர்ப் பாசம் பொத்துக்கொண்டு வரும். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத மகன் போன் பண்ணி, "நான் விளையாடின மாடிப்படிப்பா அது" என்று தழுதழுப்பான். அடேயப்பா, அந்தப் படியில் ஒட்டடை அடிக்க ஒருநாள் வந்திருப்பானா அவன்? கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கும் கோபித்துக்கொண்டு விற்க மாட்டார்கள்.

சின்னவளுக்கு இப்படி இரண்டு வீடு கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போயிருந்தது. ஒன்று, மேற்படி மாடிப்படி மகனால். இன்னொன்று, கைகுலுக்கிய மறுநாளே வேறொருவர் கூடுதலாகக் குலுக்கியதால்.

சின்னவள் என்றால் ஒரு கூட்டுக் குடும்பத்தின் இளைய மருமகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கணவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எந்த லிஃப்ட் எந்த மாடியில் ஏன் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான், பெண்டாட்டி முகம் ஏன் தொங்குகிறது என்று மட்டும் தெரியாது. அவனுடைய அண்ணன், அண்ணி, இவர்கள் இருவர், எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. பதினாறு வருஷம்.

அண்ணிதான் பெரியவள். சமையலறையில் அவள் வைத்ததுதான் சட்டம். கரண்டி எந்தப் பக்கம் பார்த்துத் தொங்க வேண்டும் என்பதற்குக்கூட அங்கே விதி உண்டு. சின்னவள் ஒரு டப்பாவை இடம் மாற்றி வைத்தால் மறுநாள் அது பழைய இடத்தில் இருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொன்னால் சண்டை போடலாம். சொல்லாதவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? சின்னவளுக்கு அரண்மனை வேண்டாம், தோட்டம் வேண்டாம். தானே வைத்ததை வைத்த இடத்தில் எடுக்கிற மாதிரி ஒரு சமையலறை வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு வீடு அமைந்தது. சின்ன வீடுதான், ஆனால் சமையலறையில் வெளிச்சம் கொட்டியது. சொந்தக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு தன் அண்ணன் வீட்டில் போய்ச் சேர்ந்து இருக்கப் போகிறாராம். விலை படிந்தது. வியாழக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலை, சமையலறையில் பெரியவளும் சின்னவளும் முதுகோடு முதுகு இடித்துக்கொண்டு நின்றபோது தரகர் போன் பண்ணினார். "அம்மா, வீட்டு விஷயம் முடிஞ்சிருச்சு. சாயந்திரம் நேர்ல வந்து பேசறேன்." அவ்வளவுதான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் போல, வைத்துவிட்டார்.

முடிஞ்சிருச்சு! சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. வியாழக்கிழமை வரை பொறுத்திருக்கலாம். சாயந்திரம் வரைக்குமாவது பொறுத்திருக்கலாம். பொறுமை எல்லாம் பதினாறு வருஷத்தில் தீர்ந்துபோயிருந்தது. திரும்பினாள், ஆரம்பித்தாள்.

"அக்கா, இனிமே உங்க கரண்டியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வீட்டுல எனக்கும் கை இருக்குன்னு நினைச்சிருப்பீங்களா? நான் எது செஞ்சாலும் பின்னாடியே வந்து திருத்துவீங்க. நன்றிங்கற வார்த்தை உங்க வாய்ல வந்து நான் கேட்டதில்ல. கல்லுக்கு சேலை கட்டினா அதான் நீங்க!"

இன்னும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஊறியது. பெரியவள் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"சரி. எப்பக் காலி பண்றீங்க?"

சாயந்திரம் தரகர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். "அந்த வீட்டுக்காரர் பின்வாங்கிட்டாரும்மா."

"என்னது? காலையில முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே!"

"ஆமாம்மா. முடிஞ்சிருச்சுன்னுதானே சொன்னேன்."

"முடிஞ்சே போச்சுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

தரகர் பதறிவிட்டார். "காலங்காத்தால நல்ல வாயால 'போச்சு'ன்னு எப்படிம்மா சொல்றது? என் தொழில்ல அந்த வார்த்தையையே எடுக்க மாட்டேன்."

நாசமாய்ப் போக அந்த நல்ல வாய்! அந்த ஒரு 'போச்சு'வை மிச்சம் பிடித்ததில் சின்னவளின் மானம் கப்பலேறிவிட்டது. கணவன் கூரையைப் பார்த்தான். அண்ணன்காரர் ஏற்கனவே படித்த பேப்பரை மறுபடி படித்தார்.

"என்ன காரணமாம்?" சமையலறை வாசலிலிருந்து கேட்டது பெரியவள்.

"அவர் வீட்டம்மாவுக்கு இஷ்டமில்லையாம். மூத்தார் குடும்பத்தோட போய் இருக்க முடியாதுன்னு உக்காந்துட்டாங்க."

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏய், செருப்பை மாட்டு."

"எங்கக்கா?"

"உனக்கு வீடு வாங்க. காலையில அத்தனையும் பேசிட்டு இங்கேயே உக்காந்துக்கலாம்னு பாக்கறியா? விடுவேனா நான்?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு ஒன்றாக ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்காரர் வரவேற்று உட்காரவைத்தார். "நான் என்னம்மா பண்றது? வீட்டை விக்கணும்னா வீட்டுல ஒத்துக்கணுமே!" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். வீட்டுல ஒத்துக்காத அந்த அம்மா, டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

பெரியவள் களத்தில் இறங்கினாள். "கூட்டுக் குடும்பம் மாதிரி வருமாம்மா? எங்களையே பாருங்க."

"ஆமாங்க," என்று சின்னவள் பின்பாட்டுப் பாடினாள். "அக்கா எனக்கு அம்மா மாதிரி. அவ்வளவு பாசம். அவ்வளவு... பாசம்." அதற்கு மேல் சரக்கு இல்லை. ஒரு உதாரணமாவது சொல்லலாமே என்று மண்டையைக் குடைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

பெரியவள் தொடர்ந்தாள். "எனக்கு ஆபரேஷன் ஆனப்ப கையைத் தூக்க முடியாது. தினம் இவதான் தலை வாரி விட்டா. வலிக்குமேன்னு நுனியிலேருந்து சிக்கெடுப்பா. கடைக்கு லேட்டாப் போய்த் திட்டு வாங்கியிருக்கா, எங்கிட்டச் சொன்னதில்ல. அவங்க கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்லத்தானே வந்தோம்? இவள் பாட்டுக்கு நிஜத்தை எடுத்து விடுகிறாளே! காலையில் கத்தியதெல்லாம் காதுக்குள் திரும்ப ஒலித்து முகம் சுட்டது. பாவி, இதை வீட்டில் ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன?

அந்த அம்மாவுக்கு மனம் இளகியது தெரிந்தது. தலையை ஆட்டினாள். புருஷன் பக்கம்கூடத் திரும்பினாள். பிறகு என்ன தோன்றியதோ, கேட்டாள். "இவ்வளவு ஒத்துமையா இருக்கீங்க. அப்புறம் எதுக்கும்மா தனியாப் போகணும்?"

"அது... கடைக்குப் பக்கம்," என்றாள் சின்னவள்.

"கடை எங்க?"

"ஊரோட அந்தக் கோடியிலங்க."

இங்கிருந்து போனால் இன்னும் தூரம். வீட்டுக்காரரே விழித்தார்.

பெரியவள் டீயைக் கீழே வைத்தாள். "பொய் எதுக்கும்மா? இவ நல்லவ. நானும் ஒண்ணும் கெட்டவ இல்ல. ஆனா அது என் அடுப்பு. எனக்கு அதை விட்டுக்குடுக்க வரல, வரவும் வராது. இத்தனை வருஷமா இவ அங்க விருந்தாளி மாதிரி நின்னு சமைக்கிறா. இவளுக்குன்னு ஒரு அடுப்பு வேணும்."

சின்னவள் குனிந்துகொண்டாள். காலையில் அத்தனை கத்தியும் கிடைக்காத வார்த்தை, இப்படி அந்நியர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கிடைத்தது.

அந்த அம்மா புருஷனைப் பார்த்தாள். "கேட்டீங்களா? ஒரு மாசமா நான் சொல்லத் தெரியாமச் சொன்னேனே, இதைத்தாங்க சொன்னேன்." பிறகு இவர்கள் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். "மன்னிச்சுக்குங்கம்மா. நாங்க விக்கல."

சின்னவள் அவளைத் திட்டத்தான் நினைத்தாள். அவள் இடத்தில் இருந்தால் தானும் விற்றிருக்க மாட்டோம் என்று தெரிந்ததால், வாய் வரவில்லை.