ஐம்பது மீட்டரில் ஒரு ஹிட்

1.

இந்தக் கதை ஒரு மதிப்புரையாக இருந்திருக்க வேண்டும். ஜப்பானில் பொம்மைத் துப்பாக்கிகளுக்கென்றே வரும் மாத இதழ் ஒன்றில் பதினெட்டு வருடமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அசலைப் போல இருக்கிறதா, கட்டுமானம் எப்படி, சுட்டால் குண்டு எங்கே போகிறது என்று மூன்று பத்தி. இந்த முறை மூன்றாவது பத்தி மட்டும் வரவில்லை. அதைத் துரத்திக்கொண்டு போனதில் இப்படி ஆகிவிட்டது.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: “சீபாவின் அடர்ந்த காட்டில், மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஒரு வீரன்—”

அடித்துவிட்டேன். மூடுபனியும் இல்லை, வீரனும் இல்லை. ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை காலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பொம்மைத் துப்பாக்கியோடு சண்டை விளையாட வந்த, முட்டிக்கு உறை மாட்டிக்கொண்ட நடுவயதுக்காரர்கள் நாற்பது பேர்.

சரி, இப்படித் தொடங்கலாம். இசுருகி நாவோவுக்கு வயது முப்பத்தொன்பது. பொய்ப்பல் செய்யும் வேலையை விட்டுவிட்டு, மூன்று வருடமாக ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற கம்பியைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் ஒரு பழைய போல்ட் துப்பாக்கியின் நகலைச் செய்திருக்கிறார். ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடும். என் மதிப்புரை நன்றாக அமைந்தால் உவேனோ கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் இருபது எடுத்துக்கொள்வார்.

“நல்லா இல்லேன்னு எழுதிட்டீங்கன்னா திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி கடைவாய்ப்பல்லுதான், சீலன் சான்” என்றார். ‘சான்’ என்பது இங்கே ‘சார்’ மாதிரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் துப்பாக்கியைக் கையில் வாங்கினேன்.

3.

முதல் இரண்டு பத்திகளில் தயக்கமே இல்லை. நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வால்நட் மரத்தாலான பிடிக்கட்டை. குழலைப் பிடித்து முறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. கைபடும் இடத்தில் மட்டும் கறுப்பு மங்கி, உலோகம் வெளுத்திருந்தது.

“இத எப்படிப் பண்ணீங்க?”

“பல்லு மாதிரிதான். வெள்ளையா யார் வேணா செஞ்சிடலாம். கறை வைக்கறதுலதான் இருக்கு வேலை.”

போல்ட்டை இழுத்துத் தள்ளினால் எழும் சத்தத்துக்காகவே தனியாக ஒரு மதிப்பெண் கொடுத்தேன்.

[ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அசலை நான் தொட்டதே இல்லை. இந்த நாற்பது பேரில் ஒருவரும் தொட்டிருக்க மாட்டார். தொடாத ஒன்றைப் போலவே இருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பவன் நான். வாசகர்கள் இதுவரை கேட்டதில்லை.]

4.

காகிதக் குறியில் சுட்டுப் பார்ப்பதோடு என் பத்தி முடியாது. ஆட்டத்தில், ஐம்பது மீட்டரில், ஓர் ஆளின் மேல் படவேண்டும்.* அணி பிரித்தபோது நாவோவுக்கு மஞ்சள் பட்டை, எனக்குச் சிவப்பு. ஆக, சோதிப்பவனே குறியானேன்.

* பட்டால் சாயம் எதுவும் ஒட்டாது. பட்டவரே “ஹிட்!” என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பட்டும் கத்தாதவருக்கு இங்கே ஜோம்பி, அதாவது நடைபிணம் என்று பெயர். அந்தப் பெயருக்குப் பயந்து, தலையில் கொட்டை விழுந்தாலே கத்திவிடுகிறவர்கள் உண்டு.

நான் ஒரு தேவதாரு மரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஐம்பது மீட்டர் தள்ளி, புதருக்குள் அவருடைய தொப்பி. போல்ட் சத்தம் கேட்டது. அடுத்த நொடி தோளில் ஏதோ ‘தப்’பென்று பட்டது.

“ஹிட்!”

கையைத் தூக்கியபடி வெளியே வந்தேன். உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். மூன்றாவது பத்தியும் முடிந்தது, இருபது துப்பாக்கியும் விற்றது என்று நினைத்துக்கொண்டேன்.

5.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை. அப்படி ஒரு வரைவும் இருக்கிறது: “நாவோ ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி—”

அவர் ஓடி வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கறிச்சோறு வாங்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தட்டைத் தொடவில்லை.

“எங்க பட்டுச்சு?”

“இடது தோள்ல. அருமையான ஷாட்டு.”

“நான் சுடவே இல்ல, சீலன் சான். போல்ட்டு முக்காவாசியில சிக்கிக்கிச்சு. குண்டு இன்னும் உள்ளதான் இருக்கு.”

தோளைத் தடவிப் பார்த்தேன். ஈரம். மரத்திலிருந்து சொட்டிய மழைத்தண்ணீருக்குக் கையைத் தூக்கியிருக்கிறேன்.

“நாந்தான் கத்திட்டேனே, நாப்பது பேரும் கேட்டாங்க. பேசாம இருந்திருக்கலாமே! ஏன் சொன்னீங்க?” என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

“துப்பாக்கி பொம்மை. குண்டு பொம்மை. இங்க அந்த ஹிட்டு ஒண்ணுதான் நெஜம். அதையும் பொம்மையாக்கிட்டா ஞாயித்துக்கிழமை தூங்கலாமே, எதுக்கு வரணும்? சிக்கிக்கிச்சுன்னே எழுதுங்க.”

6.

முடிவு அ: சிக்கியது என்று எழுதுகிறேன். அவர் பல் செய்யப் போகிறார்.

முடிவு ஆ: “ஈரக் காற்றில் போல்ட் சற்றே—” சற்றே என்ன? இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கிவிட்டேன்.

முடிவு இ: அவர் சொன்னதை மட்டும் எழுதி, துப்பாக்கியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். ஆனால் வாசகர் காசு கொடுப்பது துப்பாக்கிக்கு.

ஐந்து மணிக்குக் கட்டுரை போக வேண்டும். அந்த மூன்றாவது பத்திக்கு இரண்டு வரி இடம் இருக்கிறது. என்னால் ஆகவில்லை, நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவர் இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுதி முடித்ததும் அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.